வண்டிக்கு வைத்த நல்ல தண்ணி

பூமிநாதன் மாமாவின் காரைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வராது. செவ்வாயும் வெள்ளியும் அதன் பின் சீட்டில் உட்கார்ந்துதான் நான் ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போகிறேன். ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவு. எடுக்கப் போவதில்லை என்று முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கும் விரித்து விரித்துக் காட்ட வேண்டும். உட்காரக் கூடாது. ஆகவே காலையில் ஓசியில் கிடைக்கும் அந்தப் பின் சீட்டு எனக்குப் பெரிய விஷயம்.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை, அடுத்த வீடு. அபிராமத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவருக்கு மிளகாய்க் கொல்லை இருக்கிறது. மழை பெய்தால் அது கொல்லை, பெய்யாவிட்டால் கருவேலங்காடு. வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப்போய், கீழக்கரையில் ஒரு வீட்டில் சும்மா நின்ற டீசல் காரை வாங்கி, கல்யாணம், கருமாதி, ராமேஸ்வரம் என்று வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். அப்போதே அது பழைய வண்டி. அந்த மாதிரி வண்டி செய்வதைக் கம்பெனியே இப்போது மறந்திருக்கும். நிறம் வெள்ளை என்று ஆர்.சி. புத்தகம்தான் சொல்கிறது.

வாடகைக்கு இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. வண்டி ஓடுவது மீனம்மாள் அத்தைக்காக மட்டும். அத்தைக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். காலையில் வீங்கிய காலோடு போய், சாயந்திரம் துவைத்துப் பிழிந்த துணியாக வருவாள். அந்த நிலையில் பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஒரு தடவை ஏற்றிப் பார்த்து, முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்ததோடு அந்த யோசனை முடிந்தது. மகன் வசந்தகுமார் துபாயில் இருந்துகொண்டு, "அய்யா, அந்த வண்டியத் தள்ளிட்டு வாடகைக் கார் வச்சுக்கங்க" என்று போனில் சொல்வான். வாடகைக் கார்க்காரன் ஒருத்தனும் எங்கள் ஊருக்கு நேரத்துக்கு வந்ததில்லை. போனில் பேசுகிறவனுக்கு என்ன, பேசலாம்.

அத்தைக்குத் தண்ணீர் அளவுதான். குடித்தால் வெளியே போக வழியில்லை. காலில் இறங்கும், பிறகு நெஞ்சில் ஏறும். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டாக்டர் சொன்னதிலிருந்து மாமா ஒரு சில்வர் டம்ளர் வைத்திருக்கிறார். அவரே ஊற்றிக் கொடுப்பார். குழம்பு, மோர் எல்லாம் அதில் கழியும். சித்திரை வெயிலில் எங்கள் பக்கம் ஆடு மாடே நாக்கைத் தொங்கவிட்டு நிற்கும். அத்தை அந்த டம்ளரை வைத்துக்கொண்டு ஒரு பொழுதை ஓட்ட வேண்டும்.

காருக்கு மட்டும் அளவே கிடையாது. அதற்குக் கொடுப்பதில் மாமா கஞ்சத்தனம் பார்க்க மாட்டார். எங்கள் ஊர் போர் தண்ணீர் கடல் தண்ணீருக்குத் தம்பி. துணி துவைத்தால் நுரை வராது. குடிக்க சேதுபதி அண்ணன் பிளான்டிலிருந்து கேன் தண்ணீர் வாங்குகிறோம். அதற்குத்தான் எங்கள் பக்கம் நல்ல தண்ணி என்று பெயர். மாமா அந்த நல்ல தண்ணியைத்தான் ரேடியேட்டருக்கு ஊற்றுவார். ஒரு வெள்ளை எண்ணெய்க் கேனில் பிடித்து, முன் சீட்டில் அத்தையின் காலடியில் வைத்துக்கொள்வார். "வண்டிக்கு நல்ல தண்ணிதான். நம்ம வயிறு எப்படியோ அப்படித்தான் அதுவும்" என்று பெருமை வேறு.

அப்படிப்பட்ட வண்டிதான் சூடேற ஆரம்பித்தது.

முதலில் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டியது. பிறகு சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஒரு வெள்ளிக்கிழமை தேரிருவேலி தாண்டி, நிழலே இல்லாத இடத்தில் பானட்டிலிருந்து ஆவி கிளம்பி நின்றே விட்டது. ஆறும்வரை காத்திருந்து, துணியைப் போட்டு மூடியைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அத்தையின் மிஷினில் வேறு ஆளைப் படுக்க வைத்துவிட்டார்கள். நாளைக்கு வாங்க என்றார்கள். அன்று ராத்திரி அத்தையால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவள் மூச்சு வாங்கியது எங்கள் வீடுவரை கேட்டது. அதற்குப் பிறகு அந்த முள்ளைப் பார்க்காமல் என்னால் அந்தக் காரில் உட்கார முடிந்ததில்லை. வண்டி ரோட்டில் நின்றால் அத்தை நிற்க மாட்டாள், அவ்வளவுதான் கணக்கு.

மாமா வைத்தியம் பார்க்காமல் இல்லை. முதுகுளத்தூரில் ஒருவர் ஃபேன் ஓடவில்லை என்று சொல்லி ஒயரை மாற்றினார். ஃபேன் ஜம்மென்று ஓடியது, முள்ளும் ஜம்மென்று ஏறியது. இன்னொருவர் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குண்ணே?" என்றார். ரேடியேட்டர் மூடி புதுசு. பெல்ட் புதுசு. மாமாவின் முகம் மட்டும் நாளுக்கு நாள் பழசாகிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் உட்காருவது, கொல்லையில் களை எடுப்பது, டம்ளரில் அளந்து ஊற்றுவது, போதாக்குறைக்கு இது. ஒரு நாள் காலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே, "செல்வி, எனக்கு அலுத்துப் போச்சுத்தா" என்றார். அத்தை பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசியில் எங்கள் கடைக்குப் பின்சந்தில் மெக்கானிக் ஷெட் போட்டிருக்கும் சுஐபு அண்ணனிடம் கொண்டுபோகச் சொன்னவள் நான்தான். அத்தை மிஷினில் படுத்திருக்கும் நேரத்தில் மாமா வண்டியை அங்கே விட்டார். நானும் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனேன்.

சுஐபு அண்ணன் வாய்க்காரர். பார்த்த உடனே, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்ணே. இஞ்சினைப் பிரிக்கணும்" என்றார். மாமா ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். இஞ்சினைப் பிரித்தால் எத்தனை நாள் ஆகும், அதுவரை அத்தை எதில் வருவாள் என்றுதான் யோசித்திருப்பார். அவரைப் பார்த்து அண்ணனுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். "இருங்க, எதுக்கும் பாத்துருவோம்" என்று ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்து வைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கேஸ்கெட் போயிருந்தால் உள்ளேயிருந்து குமிழ் குமிழாய் வருமாம். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு குமிழும் வரவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ். கேஸ்கெட் இல்லண்ணே."

பிறகு ஃபேனை நிறுத்தி, வண்டியை அணைத்து, ரேடியேட்டரை மேலிருந்து கீழாகக் கையால் தடவிப் பார்த்தார். மேலே சுட்டது. கீழ்ப் பாதி ஜில்லென்று இருந்தது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அப்படியென்றால் தண்ணீர் கீழே இறங்கவில்லை, உள்ளே குழாயெல்லாம் அடைத்திருக்கிறது என்று அர்த்தமாம். மூடி வாய்க்குள் விரலை விட்டுச் சுரண்டி எடுத்துக் காட்டினார். விரலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி அப்பியிருந்தது.

"அண்ணே, உப்புத் தண்ணிய ஊத்தி வண்டியக் கொன்னு வச்சிருக்கீக."

மாமாவுக்கு வந்ததே கோபம். "யாரப் பாத்துய்யா சொல்ற? என் வண்டிக்கு நல்ல தண்ணி தவிர வேற தண்ணி காட்டுனதில்ல. கேன் முன்னாலதான் இருக்கு, போயிப் பாரு!"

அண்ணன் போய் எடுத்து வந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்துவிட்டு, கேனை மாமாவிடம் நீட்டினார். மாமாவும் ஒரு வாய் ஊற்றினார். உடனே துப்பினார். முகம் கோணிவிட்டது.

"கரிக்குது" என்றார்.

"நீங்க நல்ல தண்ணின்னு நம்பி வாங்குறீக. விக்கிறவன் என்ன பண்றானோ" என்றார் சுஐபு அண்ணன். அப்போதைக்கு உள்ளே தண்ணீரை அடித்துக் கழுவிவிட்டு, செவ்வாய்க்கிழமை வந்தால் ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே ராடு விட்டுக் குத்திச் சரிசெய்து தருவதாகச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் தெருவில் நடந்த சண்டை இருக்கிறதே! மாமா சேதுபதி அண்ணனின் தண்ணீர் ஆட்டோவை மறித்து நின்றுகொண்டார். "போர் தண்ணியப் பிடிச்சு ஊருக்கே விக்கிறியா? என் பொண்டாட்டி குடிக்கிறது ஒரு டம்ளரு. அதுலயுமா உப்பக் கரைப்ப?" சேதுபதி அண்ணன் ரோஷக்காரர். ஒரு கேனைத் தூக்கி அங்கேயே மடமடவென்று குடித்து, சட்டையெல்லாம் நனைந்து நின்றார். "இனி ஒம்ம வீட்டுக்குத் தண்ணி போட்டா நான் மனுசன் இல்ல" என்றார். எனக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார்கள், நியாயம் சொல்லச் சொல்லி. தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. நான் சொன்னேன், மாமா கேட்கவில்லை. அத்தை வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "விடுங்களேன். ஊருக்குள்ள எதுக்கு வம்பு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இன்னொரு வழக்கு. அத்தையை எடை பார்த்த நர்ஸம்மா, "மறுபடியும் இவ்வளவு ஏறியிருக்கே, தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று சத்தம் போட்டார். சில வாரமாகவே எடை கூடித்தான் வருகிறது. அத்தை இல்லை என்றாள். அதற்கு மேல் மாமா, "அவ குடிக்கலம்மா. நான்தான் அளந்து குடுக்கேன். என் கைய மீறி ஒரு சொட்டு போகாது" என்று சத்தியம் செய்யாத குறை. ஒரே வாரத்தில் இரண்டு தண்ணீருக்கு அவர் ஜாமீன் நின்றார்.

எனக்கு அன்று காலையிலிருந்தே காய்ச்சல். மத்தியானம் கடையில் சொல்லிக்கொண்டு, மாமா வண்டியிலேயே ஊருக்குப் போய்விடலாம் என்று ஷெட்டுக்கு நடந்தேன். ரேடியேட்டரை மாட்டி முடித்திருந்தார்கள். சுஐபு அண்ணன் பச்சை நிறத்தில் கூலன்ட் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இனிமே தண்ணியே காட்டாதீக. கொறஞ்சா இதத்தான் ஊத்தணும். மிச்சத்த ஒங்க கேன்லயே ஊத்தித் தாரேன். ஆனா பத்திரம்ணே, இது விசம். ஆடு, மாடு, புள்ளைக கையில படாம வைங்க."

"எங்க வீட்ல ஏதுய்யா ஆடு மாடு?" என்று மாமா கேனை வாங்கி, பழைய இடத்திலேயே வைத்தார்.

அத்தையை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு பின் சீட்டில் சுருண்டுவிட்டேன். மாமாவுக்குத் திரும்பும் வழியில் எப்போதும் தூக்கம் சொக்கும். அதற்காகவே தேரிருவேலிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்துவார். அன்றும் நிறுத்திவிட்டு, அத்தையிடம், "முள்ளப் பாத்தியா? அசையல!" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். குரலில் வெகு நாளைக்குப் பிறகு கொஞ்சம் உயிர் இருந்தது.

எவ்வளவு நேரம் ஆனதோ, மூடி திருகும் சத்தம் கேட்டு விழித்தேன். சீட்டு இடைவெளியில் பார்த்தேன். அத்தையின் மடியில் அந்தக் கேன். இடது கையில் கேனின் மூடி. மூடி நிறையப் பச்சை.

"அத்தை!" என்று கத்திவிட்டேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "நீ தூங்கலையாடி?" என்றாள். அதற்குள் என் சத்தம் கேட்டு மாமா டீ கிளாஸோடு ஓடிவந்துவிட்டார். அத்தை ஒளிக்கவில்லை. மூடியை ஜன்னல் வழியாக அவரிடம் நீட்டினாள்.

"தெரிஞ்சிருந்தா நாலு வார்த்த வஞ்சிருக்கலாம்ல? இப்படி மருந்தக் கலந்து வச்சுத்தான் என்னத் தடுக்கணுமாக்கும்?"

"என்ன மருந்து? அது வண்டிக்கு..." என்று ஆரம்பித்த மாமா நிறுத்திவிட்டார். மூடியைப் பார்த்தார். கேனைப் பார்த்தார். டீக்கடை ஓரத்தில், கிளாஸ் கழுவ வைத்திருந்த போர் தண்ணீர் டிரம்மையும் அதில் மிதந்த மக்கையும் பார்த்தார். டீ கிளாஸ் கீழே விழுந்தது.

"குடிச்சியா?"

"இல்ல."

"வாயில வச்சியாடி? சொல்லு!" கதவைத் திறந்து அவள் தாடையைப் பிடித்து, வாயைத் திறக்கச் சொல்லி, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவர் மாதிரி உள்ளே பார்த்தார்.

"இல்லங்கிறேன்ல. பச்சையா இருந்துச்சு. பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நெறம் இல்லாம இருந்திருந்தா?"

மாமா கதவோரத்தில் ரோட்டிலேயே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு அத்தை பேசினாள். அவரைப் பார்த்துப் பேசவில்லை, முன் கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள்.

"அந்த மிஷின்ல இருந்து எறங்குனா நாக்கு மேல ஒட்டிக்கிருது. நீங்க டீ குடிக்கப் போயிருவீக. கேன் என் காலடியிலதான் கெடக்கும். மொதல்ல ஒரு மூடிதான் குடிச்சேன். அப்புறம் நிக்கல. கொறஞ்சா நீங்க கண்டுபிடிச்சிருவீகன்னு மூஞ்சி கழுவுற மாதிரி போயி, அந்த டிரம்முத் தண்ணிய மோந்து ஊத்தி நெரப்பி வச்சுருவேன். வண்டி கெட்டுப் போகும்னு எனக்கு என்ன தெரியும்?"

"அந்தத் தண்ணியையா குடிச்சே? நான் அன்னிக்கு நாக்குல வச்சுட்டுத் துப்பிட்டேன்டி."

"தண்ணிதான" என்றாள். பிறகு, "வண்டி சூடானா நீங்க ஓடிப் போயி ஊத்துவீக. அது மடக்கு மடக்குன்னு குடிக்கும். போதும்னு அதுகிட்ட யாரும் சொன்னதில்ல. நான் உள்ள உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றாள்.

எனக்கு அழுகையும் வந்தது, அவள் மேல் ஆத்திரமும் வந்தது. இவள் குடித்ததில்தான் வண்டி நின்றது. வண்டி நின்றதில்தான் இவள் மூச்சுக்குத் திணறினாள். உப்பைக் குடிக்கக் குடிக்கத் தாகம் கூடி, இன்னும் குடித்திருக்கிறாள். இதில் சேதுபதி அண்ணன் வாங்கிய திட்டு வேறு. ஆனால் யாரைப் போய் என்ன கேட்பது? நான் காலையில் கடைக்குக் கிளம்பும்போது ஒரு பாட்டில், மத்தியானம் ஒரு பாட்டில் குடிக்கிறவள்.

மாமா எழுந்து போனார். டீக்கடைக்காரரின் சோடாப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு ஐஸை வாங்கி வந்து அத்தையின் வாயில் வைத்தார். "அப்படியே வச்சிரு. கடிச்சு முழுங்காத" என்றார். கேனை எடுத்து டிக்கியில் போட்டுப் பூட்டினார். ஊர் வரும்வரை முள் நட்டநடுவில் நின்றது. அதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மாமா சேதுபதி அண்ணன் வீட்டுக்குப் போய், "அந்த மெக்கானிக் பய தப்பாச் சொல்லிட்டான்யா, மனசுல வச்சுக்காத" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பாவம் சுஐபு அண்ணன், பழி அவர் தலையில். கேன் தண்ணீர் மறுபடி வர ஆரம்பித்தது. வண்டி சூடேறவில்லை. எடையும் இறங்கியது. அத்தைக்கு நன்றாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், இந்த வியாதியில் நன்றாவதெல்லாம் இல்லை. நர்ஸம்மா சத்தம் போடுவதை நிறுத்தினார், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல உச்சி வெயில். கொல்லையிலிருந்து வந்த மாமாவுக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் அத்தைக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். மாமா அடுப்படிக்குப் போய் அத்தையின் அளவு டம்ளருக்குப் பக்கத்தில் இன்னொரு டம்ளரை எடுத்து வைத்தார். அதே அளவு. அதில் பாதி ஊற்றிக் குடித்துவிட்டு, பானையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அத்தை அதைப் பார்த்துவிட்டாள். "எத்தன நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"எந்தக் கூத்து?"

"அந்த டம்ளரு."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். "நீ பாத்துக்கிட்டு இருக்கும்போது எனக்கு எறங்க மாட்டேங்குதுத்தா" என்றார்.

அத்தை பாதி பின்னிய சடையோடு எழுந்துவிட்டாள். சுவரைப் பிடித்து அடுப்படிக்குப் போனாள். பெரிய செம்பில் பானைத் தண்ணீரைத் தளும்பத் தளும்ப மோந்து கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்களும் படுத்துட்டா வண்டிய யாரு ஓட்டுறது? குடிங்க."

மாமா வாங்கினார். அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது, மார்பில் வழிந்தது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். திருப்பவில்லை. கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டே நின்றாள். செம்பு காலியானதும் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்டாள்.